25 பேப்பருக்கு வேலை இல்லை, 6 பேப்பருக்கு வேலை: வேதியியல் துறைக்கு ஆள் எடுக்கும் கதை

2025 பிப்ரவரி 16, வாசகர் கேள்வி

மேடம், போன மாதம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் உதவிப் பேராசிரியர் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். ஒரே ஒரு இடம். என்னிடம் 25 ஆராய்ச்சிப் பேப்பர், கொரியாவில் மூன்று வருட போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி). எடுக்கப்பட்டவருக்கு 6 பேப்பர்தான். என்னைப் பத்து நிமிடம்கூட உட்கார வைக்கவில்லை. பேப்பருக்கு மதிப்பே கிடையாதா, இல்லை எல்லாம் முன்னாலேயே முடிவானதா? நீங்கள் இப்படிப்பட்ட தேர்வுக் குழுக்களில் எக்ஸ்பர்ட்டாக உட்கார்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

2025 பிப்ரவரி 16, இரவு

தம்பி, உங்கள் 25-ம் அவருடைய 6-ம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்கில் ஒன்றுதான்.

2018 விதிமுறையில் அட்டவணை 3ஏ என்று ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று வடிகட்ட 100 மதிப்பெண். பி.எஸ்சி.க்கு 15, எம்.எஸ்சி.க்கு 25, பிஎச்.டி.க்கு 30, நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகையும் வாங்கியிருந்தால் 7 (வெறும் நெட் என்றால் 5, மாநில அளவிலான செட் என்றால் 3), பேப்பருக்கு 10, கற்பித்த அல்லது போஸ்ட்டாக் செய்த அனுபவத்துக்கு 10, விருதுக்கு 3. பேப்பர் ஒன்றுக்கு 2 மதிப்பெண். ஐந்தோடு கணக்கு முடிந்தது. ஆறாவது பேப்பரிலிருந்து சந்தோஷம் உங்களுக்கும் உங்கள் கைடுக்கும் மட்டும்தான். அந்த 2 மதிப்பெண் நேச்சரில் வந்தாலும் அதேதான், யுஜிசி விதி ஒப்புக்கொள்ளும் எந்தப் பத்திரிகையில் வந்தாலும் அதேதான்.

இதைவிட வேடிக்கை பி.எஸ்சி. மதிப்பெண். 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 15, 60-க்கு மேல் 13, 55 முதல் 60 வரை 10. பத்தொன்பது வயதில் இயற்பியல் துணைப்பாடத்தில் சொதப்பியவர் ஐந்து மதிப்பெண் பின்தங்கி நிற்கிறார். பிறகு எத்தனை பேப்பர் போட்டாலும் அந்த ஐந்து திரும்பி வராது.

2025 பிப்ரவரி 17

முக்கியமான ஒன்றை எழுதாமல் தூங்கப் போய்விட்டேன். அதே அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு உண்டு. இந்த மதிப்பெண் இன்டர்வியூவுக்குக் கூப்பிட மட்டும்தான். தேர்வு முழுக்க முழுக்க இன்டர்வியூவில் எப்படிச் செய்தார் என்பதை வைத்துத்தான். அதாவது வாசலைத் தாண்டிய பிறகு 95 எடுத்தவரும் 71 எடுத்தவரும் சமம். உங்கள் கதையே இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கலாம். அநியாயம் நடந்ததா இல்லையா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. சட்டப்படி அது சாத்தியம் என்று மட்டும் சொல்லலாம்.

2025 பிப்ரவரி 19

"பத்து நிமிடத்தில் என்ன தெரியும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

குழுவில் யார் யார் என்றால், துணைவேந்தர் அல்லது அவர் நியமிப்பவர் தலைவர், வேந்தர் தரப்பில் ஒருவர், வெளியிலிருந்து மூன்று பாட வல்லுநர்கள், டீன், துறைத்தலைவர். விண்ணப்பித்தவர்களில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் யாராவது இருந்து, அந்தத் தரப்பிலிருந்து குழுவில் யாரும் இல்லையென்றால் ஒருவரைச் சேர்க்க வேண்டும். நான்கு பேராவது உட்கார வேண்டும், அதில் இரண்டு பேர் வெளி வல்லுநர்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேரைக் கூப்பிட்டுவிட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைப்பதே பெரிது. முதல் இரண்டு நிமிடம் சான்றிதழ் ஃபைலைப் புரட்டுவதில் போய்விடும். வகுப்பறையில் பாடம் எடுக்கச் சொல்லியோ செமினார் கொடுக்கச் சொல்லியோ திறமையைப் பார்க்கலாம் என்று அதே 2018 விதியே சொல்கிறது. "பார்க்கலாம்" என்பதால் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஐஐடிகளில் துறை முன்னால் ஒரு மணி நேரம் பேச வைத்து, மாணவர்கள் வரைக்கும் கேள்வி கேட்கவிட்டு, அதற்கப்புறம்தான் குழுவுக்கே அனுப்புகிறார்கள். அந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது.

எனக்குக் கிடைக்கும் நிமிடங்களில் நான் பேப்பரைப் பற்றிக் கேட்பதில்லை. "டிஎச்எஃப்-ஐ எப்படி உலர்த்துவீர்கள்?" என்று கேட்பேன். (அது ஒரு கரைப்பான், பல வினைகளுக்கு அதில் துளி ஈரமும் இருக்கக் கூடாது.) முக்கால்வாசிப் பேர் "அன்ஹைட்ரஸ் பாட்டில் வாங்குவோம் மேடம்" என்பார்கள், அதாவது ஈரம் நீக்கியே விற்பதை. வெளிநாட்டு லேபில் அது சரி. இங்கே அந்த பாட்டில் வர டெண்டர், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டல், ஆடிட் ஆட்சேபம் எல்லாம் தாண்டி நாலு மாதம் ஆகும். சிலர் சோடியம், பென்சோபீனோன் போட்டு ஆழ்ந்த நீலம் வரும்வரை காய்ச்சி வடிப்போம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "முதல் வருட மாணவர்கள் கையில் சோடியம் ஸ்டில்லைக் கொடுக்க எனக்கு பயம். ஈரத்தை உறிஞ்சும் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவை ஓவனில் நன்றாகச் சூடாக்கி எடுத்து, டிஎச்எஃப்-ஐ அதில் இரண்டு நாள் விட்டால் போதும், இதைவிட நன்றாகவே காயும்." வேதியியல் சரி, செலவு குறைவு, லேபும் எரியாது. அட்டவணை மதிப்பெண் பட்டியலில் அவர் கடைசியில் இருந்தவர். நான் முழு மதிப்பெண் போட்டேன். மற்ற இரண்டு வல்லுநர்களும் போட்டார்கள். பிறகு என்ன ஆனதென்று கேட்காதீர்கள், முடிவு எழுதிய கவர் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில்தான் திறக்கும்.

2025 பிப்ரவரி 19, கொஞ்சம் கழித்து

இல்லை, அடுத்த இன்டர்வியூவுக்கு எல்லோரும் மாலிக்யூலர் சீவ் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். கேள்வியை மாற்றிவிடுவேன்.

2025 பிப்ரவரி 23

"முன்னாலேயே முடிவானதா" என்ற பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை என்று ஞாபகப்படுத்துகிறீர்கள். சரி.

உண்டு. இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 2018 பிப்ரவரியில் கோவையில் ஒரு துணைவேந்தரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் 30 லட்சம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. நாடே பார்த்தது. ஆனால் எல்லாத் தேர்விலும் பணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. நான் அதிகம் பார்த்தது வேறு வகை: விளம்பரத்திலேயே வேலையை முடித்துவிடுவது.

"வேதியியல், உதவிப் பேராசிரியர் 1, சிறப்புப் பாடம்: கடத்தும் பாலிமர்கள்" என்று வரும். எதற்குக் கடத்தும் பாலிமர் என்று பார்த்தால், அதே துறையில் தற்காலிகமாக இருக்கும் ஒருவரின் பிஎச்.டி. தலைப்பு அது. மணமகள் தேவை விளம்பரத்தில் மாமன் மகளின் உயரம், படிப்பு, நட்சத்திரம் எல்லாம் போட்டுவிட்டு வரன் தேடுவது மாதிரி. இதில் விதிமீறல் எதையும் காட்ட முடியாது. இன்னொன்று எதிர்ப்பக்கம்: இடஒதுக்கீட்டு இடம், தகுதியானவர்கள் எட்டுப் பேர் வந்திருப்பார்கள், கடைசியில் "யாரும் பொருத்தமில்லை" என்று எழுதி இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். டெல்லிப் பக்கம் என்.எஃப்.எஸ். (நாட் ஃபவுண்ட் சூட்டபிள்) என்று இதற்குப் பெயரே இருக்கிறது.

ரோஸ்டரை, அதாவது எந்த வரிசை எண் இடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் இடஒதுக்கீட்டுப் பட்டியலை, குறை சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு: பல்கலைக்கழகம் முழுவதையும் சேர்த்து எண்ணாமல் ஒவ்வொரு துறையையும் ஓர் அலகாக வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 புள்ளி ரோஸ்டரில் நான்காவது இடம்தான் முதல் ஓ.பி.சி. இடம், ஏழாவது எஸ்.சி., பதினான்காவது எஸ்.டி. மூன்று இடமுள்ள வேதியியல் துறையில் ஒதுக்கீடு என்பதே வராது. 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையே அலகு என்று சொல்ல, அதை யுஜிசி 2018-இல் உத்தரவாகப் போட, நாடு முழுக்கக் கூச்சல் எழுந்து, 2019-இல் சட்டமே கொண்டுவந்து மத்திய நிறுவனங்களில் முழு நிறுவனத்தையும் அலகாக்கினார்கள். நல்ல ஆள் கிடைக்காததற்கு ரோஸ்டர் காரணமில்லை. நாலைந்து வருடம் விளம்பரமே போடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் நாற்பது பேரை ஓட்டுவதுதான் காரணம்.

2025 மார்ச் 2

இத்தனை நாள் சுற்றி வளைத்துவிட்டேன். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது இதுதான்: ஒரு வேதியியல் துறைக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதில் இன்னோர் உதவிப் பேராசிரியரை எடுக்கக் கூடாது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விஞ்ஞானியை எடுக்க வேண்டும்.

பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத்தில், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். கருவி வாங்கினார்கள். கோடிக்கணக்கில் பணம், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். என்.எம்.ஆர். காந்தம் மீக்கடத்தி, திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் மூழ்கியே இருக்க வேண்டும். வெளி உறையில் திரவ நைட்ரஜன், அதை வாரம் தவறாமல் நிரப்ப வேண்டும். சில மாதத்துக்கு ஒரு முறை ஹீலியம். ஹீலியம் இறக்குமதிச் சரக்கு, விலையும் நிலையாக நிற்காது. இதைப் பார்த்துக்கொண்டிருந்தது தினக்கூலியில் ஒரு பையன். கெட்டிக்காரன், காந்தப் புலத்தைச் சீராக்கும் ஷிம்மிங் எல்லாம் தானாகவே கற்றுக்கொண்டான். இரண்டு வருடத்தில் ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி மூன்று மடங்கு சம்பளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. பொங்கல் விடுமுறையில் நைட்ரஜன் நிரப்ப ஆள் இல்லை, ஹீலியம் ஆர்டர் நிதி அலுவலர் மேசையில் கிடந்தது. காந்தம் க்வென்ச் ஆகி, அதாவது மீக்கடத்தும் தன்மையை இழந்து சூடாகி, ஹீலியம் முழுக்க ஆவியாகப் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தத் துறையில் ஒன்பது ஆசிரியர்கள் இருந்தும் எல்லோருடைய மாணவர்களும் சாம்பிளைக் குப்பியில் போட்டுக்கொண்டு ஐஐடி மெட்ராஸின் பொதுக் கருவி மையமான சைஃப் வரிசையில் நின்றார்கள்.

ஒன்பது பேருடைய ஆராய்ச்சியும் ஒரு தினக்கூலிப் பையன் மேல் நின்றிருக்கிறது. பத்தாவதாக ஒருவரை எடுத்தால் வரிசையில் இன்னும் ஐந்து மாணவர் கூடுவார்கள், அவ்வளவுதான்.

யுஜிசியிடம் இதற்கு முன்னொரு காலத்தில் வழி இருந்தது. 1980-களில் ரிசர்ச் சயின்டிஸ்ட் திட்டம் என்று ஏ, பி, சி என மூன்று நிலை. விரிவுரையாளர், ரீடர், பேராசிரியர் சம்பளத்துக்கு இணையான சம்பளம். முழுநேரமும் ஆராய்ச்சி. அதில் வந்தவர்கள் சிலரோடு நான் வேலை செய்திருக்கிறேன், துறையின் எக்ஸ்ரே கருவியும் ஈ.எஸ்.ஆர். கருவியும் அவர்கள் கையில்தான் உயிரோடு இருந்தன. புதிதாக எடுப்பதை நிறுத்தினார்கள், ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், கதை முடிந்தது. இப்போது இருப்பது ப்ராஜெக்ட் அசோசியேட். ப்ராஜெக்ட் முடிந்தால் ஆளும் கிளம்ப வேண்டியதுதான்.

2025 மார்ச் 5

எதிர்பார்த்த அடி விழுந்திருக்கிறது. அரசுக் கல்லூரி நண்பர் எழுதுகிறார்: "இங்கே எம்.எஸ்சி.க்குப் பாடம் எடுக்கவே ஆள் இல்லை, நீங்கள் காந்தத்துக்கு ஆள் கேட்கிறீர்கள். பாதி வகுப்பைக் கௌரவ விரிவுரையாளர்கள் ஓட்டுகிறார்கள்."

அவர் சொல்வது சரி. கௌரவ விரிவுரையாளர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று 2019-இல் யுஜிசி சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் கொடுப்பது 25,000. பிஎச்.டி.யும் நெட்டும் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருடமாக அந்தச் சம்பளத்தில் குவாண்டம் வேதியியல் நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். ஆள் இல்லை என்று சொல்வதே பொய். ஆள் வகுப்பில் நிற்கிறார், நிரந்தர நியமன ஆணைதான் இல்லை.

அதனால் நான் மார்ச் 2-இல் எழுதியதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். கற்பிப்பதே முதல் வேலையாக உள்ள கல்லூரிக்கு அது பொருந்தாது. பிஎச்.டி. மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும், கருவி வைத்திருக்கும் பல்கலைக்கழகத் துறைக்கு அப்படியே பொருந்தும். அங்கே கருவிக்கான ஆளை "ஆசிரியரல்லாத பணியிடம்" என்று தனி ஃபைலில் போடுகிறார்கள். ஆசிரியர் இடத்தை நிரப்பாவிட்டால் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டி கேட்கும். இதை யாரும் கேட்பதில்லை.

2025 மார்ச் 14

"நல்ல தேர்வு என்று ஒன்றாவது நடந்திருக்கிறதா?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். நடந்திருக்கிறது, சென்னை கிண்டியில்.

1952. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் புதிதாக இயற்பியல் துறை தொடங்க வேண்டும். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் நேராக சி.வி. ராமனிடம் கேட்டார். ராமன் தான் வர மறுத்து, தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவரைப் பேராசிரியராக்கித் துறையையும் கொடுத்தார் முதலியார். இன்றைய விதியில் பேராசிரியர் பதவிக்குப் பத்து வருட அனுபவம் வேண்டும், பத்துப் பேப்பரும் 120 ஆராய்ச்சி மதிப்பெண்ணும் வேண்டும். விண்ணப்பப் படிவமே அவரை உள்ளே விட்டிருக்காது.

வந்தவர் இரண்டே வருடத்தில், 1954-இல், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து தோல், தசைநாண்களில் இருக்கும் கொலாஜன் புரதத்தின் மூன்றிழை அமைப்பை நேச்சரில் வெளியிட்டார். எக்ஸ்ரே எடுக்கக் கொலாஜன் எங்கே கிடைத்தது தெரியுமா? பக்கத்திலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், சிஎல்ஆர்ஐ-யில். கங்காரு வால் தசைநாண்! அடையாறில் கங்காரு வால். நடந்து போகும் தூரத்தில் சரியான பொருளும் அதைப் பற்றித் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆளை எடுப்பதில் இதுவும் அடக்கம். அவர் இயற்பியல் துறை, நீங்கள் பேசுவது வேதியியல் என்று சண்டைக்கு வராதீர்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று அவர் பெயரிலேயே வழங்கும் படம் இல்லாமல் இன்று புரத வேதியியல் வகுப்பே கிடையாது.

2025 மார்ச் 15

"ஒரே ஆள் முடிவெடுத்தால் முதலியாரும் கிடைப்பார், 30 லட்சம் கேட்பவரும் கிடைப்பார்." இதை எழுதியவருக்குக் கை கொடுக்கிறேன். மதிப்பெண் அட்டவணை வந்ததே அந்த இரண்டாவது ஆளுக்குப் பயந்துதான். இரண்டையும் சேர்க்க எனக்குத் தோன்றும் வழி, துறை முன்னால் வெளிப்படையாகப் பேச வைப்பது. மாணவர்களும் பக்கத்துத் துறைக்காரர்களும் உட்கார்ந்து கேட்ட பேச்சை மறுநாள் மூடிய அறையில் மறைக்க முடியாது. ஊரே பார்த்திருக்கும்.

2025 மார்ச் 27

ஜனவரி 6-இல் வந்த யுஜிசி வரைவு விதியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். துணைவேந்தர் நியமன விஷயத்தில் மாநிலத்தின் கையைக் கட்டுகிறது என்று ஜனவரி 9-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டாகிவிட்டது. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் உள்ளே ஒரு நல்ல வரி ஒளிந்திருக்கிறது. இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவிக்குப் பழைய மதிப்பெண்ணை எடுத்துவிட்டு ஒன்பது வகைப் பங்களிப்பில் நான்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஒன்பதில் ஒன்று, ஆராய்ச்சி அல்லது கற்பித்தல் ஆய்வகத்தை உருவாக்குதல். லேப் கட்டியதற்கு மதிப்பு என்று எழுத்தில் வருவதே பெரிய விஷயம். மீதி எட்டில் இந்திய அறிவு மரபும் ஸ்டார்ட்-அப்பும் வருகின்றன. கரிம வேதியியல்காரர் அவற்றில் எதைக் காட்டுவார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

நம்பகமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த யுஜிசி-கேர் பட்டியலையும் பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். இனி எது நல்ல பத்திரிகை என்று அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டுமாம். காசு கொடுத்தால் மூன்று நாளில் பேப்பர் போடும் கடைக்காரர்கள் இனிப்பு வழங்கியிருப்பார்கள்.

2025 ஏப்ரல் 9

நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும். பெரும்பாலானவை பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டவை, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றுபவை.

இதற்கும் வேதியியல் துறைக்கும் என்ன சம்பந்தம் என்றால், பிப்ரவரி 19 பதிவைத் திரும்பப் பாருங்கள். தேர்வுக் குழுவின் தலைவர் துணைவேந்தர். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து துணைவேந்தர் இல்லை, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து இல்லை. துணைவேந்தர் இல்லாதபோது நிர்வாகத்தைப் பார்க்கும் கன்வீனர் குழு சம்பள பில்லில் கையெழுத்துப் போடலாம், பட்டமளிப்புக்குத் தேதி குறிக்கலாம். நிரந்தர நியமனத்தைத் தொட எந்தக் குழுவும் துணிவதில்லை, நாளைக்கு வழக்கு வரும் என்ற பயம். இந்த இடைவெளியில் ஓய்வு பெற்றவர்களின் லேபுகள் பூட்டிக் கிடக்கின்றன.

2025 ஏப்ரல் 20

கொரியாவிலிருந்தே ஒருவர்: "ராமானுஜன் ஃபெலோஷிப் போட்டு வரலாமா?"

அது 40 வயதுக்குள், வெளிநாட்டில் இருக்கும் இந்திய ஆராய்ச்சியாளரை இங்கே வரவழைக்கும் அரசு உதவித்தொகை. மாதம் 1,35,000, வருடத்துக்கு 7 லட்சம் ஆராய்ச்சிப் பணம், ஐந்து வருடம். இன்ஸ்பயர் ஃபேகல்டி என்ற இன்னோர் அரசு உதவித்தொகை என்றால் 1,25,000, அதே 7 லட்சம், ஆனால் 32 வயது வரம்பு. உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. அகவிலைப்படி சேர்த்தாலும் ஃபெலோஷிப் தொகையைத் தொடாது. அதனால் நிரந்தர வேலை கிடைத்த அன்றைக்குச் சம்பளம் குறையும் அதிசயம் இதில் நடக்கும். வாருங்கள், ஆனால் சேருவதற்கு முன்னால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்த அறை, எத்தனை ஃபியூம் ஹுட் (நச்சுப் புகையை இழுக்கும் கூண்டு), பிஎச்.டி. மாணவர்களைப் பதிவு செய்ய உரிமை உண்டா. மூன்றாவது இல்லாமல் வந்த ஒருவர் ஐந்து வருடமும் தனியாளாக, கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டாவேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வருடம் முடிந்ததும் "விளம்பரம் வரும்போது விண்ணப்பியுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

2025 மே 23

ஏப்ரல் 9-இல் சொன்ன அந்தத் துணைவேந்தர் சட்டத்திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் நேற்று முன்தினம் இடைக்காலத் தடை போட்டுவிட்டது. லேபுகளின் பூட்டு அப்படியே இருக்கிறது.

2025 ஜூன் 8

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னோர் இடத்தில் அழைப்பு வந்திருக்கிறது, இந்த முறை துறை செமினாரும் உண்டாம். நல்லது. 25 பேப்பரையும் ஸ்லைடில் வரிசையாகக் காட்டாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்து, அதில் எது மூன்று மாதம் வேலை செய்யாமல் படுத்தியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். முதல் நாளே போய்க் கருவி அறையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று விசாரியுங்கள், அவரோடு ஒரு டீ குடியுங்கள். ஹீலியம் கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆராய்ச்சித் திட்டத்தில் அங்கே இல்லாத கருவியை நம்பி எதையும் எழுதாதீர்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப்-இன் இளம் ஆராய்ச்சியாளர் நிதி மூன்று வருடத்துக்கு 60 லட்சம் வரை, அதில் என்ன வாங்க முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

மத்திய அரசு ஆய்வகங்களை நடத்தும் சிஎஸ்ஐஆரில் விஞ்ஞானி வேலைக்கும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதன் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான செக்ரியும் சென்னை சிஎல்ஆர்ஐ-யும் விளம்பரம் போட்டால் கட்டாயம் போடுங்கள், ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 67,700. வயது வரம்பு 32. உங்கள் பிறந்த தேதியை எண்ணிப் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.